ஏலமலை ஏறிய எண்ணூறு

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுள் பலருக்கு வாழ்க்கை இரண்டு தளங்களில் நடைபெறும். வீடும் உறவும் பள்ளிக்கூடமும் கீழே, பிழைப்பு மேலே. கீழே நெல்லும் திராட்சையும் தென்னையும் செழித்திருக்க, மேற்கே நிமிர்ந்து நோக்கினால் கேரளத்து ஏலமலை நீலமாய் நிற்கும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய வாயில்களின் வழியே எங்கள் முன்னோர் அம்மலைக்கு ஏறினர். இன்றும் ஏறி இறங்குகின்றனர். போடிமெட்டுச் சாலையில் மட்டும் கொண்டையூசி வளைவுகள் 17 உள்ளன. வைகறையில் தொழிலாளர்களை அள்ளித் திணித்துக் கொண்டு உறுமியவாறு மேலேறும் ஜீப்புகளின் ஒலிதான் எங்கள் ஊர்களின் விடியற்காலை ஒலி.

இம்மலருக்குக் கட்டுரை வேண்டி வந்த மாணவர்கள் சங்க இலக்கியம் பற்றி எழுதித் தருமாறு கேட்டனர். நான் மகிழுந்தைப் பற்றி எழுத அமர்ந்திருக்கின்றேன். தமிழ் கற்பிப்பவனுக்கு வண்டியின் அடிவயிற்றில் என்ன வேலை என்று துறைத்தலைவர் கேட்கக் கூடும். அவருக்கு ஒன்று சொல்வேன். மேட்டிலும் பள்ளத்திலும் உப்பு வண்டி ஓட்டிய உமணர், அச்சு முறிந்தால் வழியில் தவிக்கலாகாது என்று, வண்டியின் கீழே மற்றோர் அச்சைக் கட்டிக் கொண்டு சென்றனர். அந்தச் சேமஅச்சைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்கிப் புறநானூற்றில் பாடியவர் ஔவையார். கரட்டு வழிக்கேற்ப வண்டியைத் திருத்திக் கொள்வது தமிழனுக்குப் பழைய வழக்கம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா? உமணரிடம் பதிவுச் சான்று கேட்கும் அலுவலகம் அந்நாளில் இல்லை, வேறுபாடு அவ்வளவே.

என் பெரியத்தாவுக்குக் கம்பம்மெட்டுக்கு அப்பால் 2 ஏக்கர் ஏலத்தோட்டம் உண்டு. இரண்டு ஏக்கர்க்காரர் என்றால் மலையில் மதிப்பு மிகக் குறைவு. பெருந்தோட்டக்காரர்களிடம் சொந்த ஜீப்பும் சொந்த ஸ்டோரும் இருக்கும். சிறு விவசாயி காயைப் பறித்ததும் பிறருடைய ஸ்டோருக்குக் கொண்டு சென்று கூலி கொடுத்து உலர்த்த வேண்டும். பச்சைக் காய் ஏறத்தாழ 5 கிலோ உலர்ந்தால்தான் 1 கிலோ ஏலம் கிடைக்கும். பறித்த காயை நெடுநேரம் மூட்டையிலேயே வைத்திருந்தால் புழுங்கிப் பசுமை மங்கிவிடும். பசுமை மங்கினால் போடியிலும் புத்தடியிலும் நடைபெறும் ஏலத்தில் விலை விழும். ஆகவே பறித்த அன்றே காய் உலர்களத்தை அடைய வேண்டும். பறிப்புக் காலத்திலோ வாடகை ஜீப்பு கேட்ட நேரத்தில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மூன்று மூட்டைக்காக அது வருவதில்லை.

இந்த நெருக்கடியில்தான் 2004ஆம் ஆண்டு மாடல் மாருதி எண்ணூறு ஒன்றைப் பெரியத்தா 2011இல் பழைய வண்டியாக வாங்கினார். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 சனவரியில் உற்பத்தி நின்ற அந்தச் சிற்றுந்தைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் மகிழுந்து அதுவே. 796 கனசென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று உருளைகளும் உடைய எஞ்சின். எடை ஏறத்தாழ 650 கிலோ. முன்சக்கரங்கள் இரண்டும் இழுக்க, பின்சக்கரங்கள் பின்தொடரும் அமைப்பு. நகரத்துச் சாலைக்கெனப் படைக்கப்பட்ட அந்த எளிய உயிரைப் பெரியத்தா ஏழாண்டுகள் மலைக்கு ஏற்றி இறக்கினார். அதுவும் முனகாமல் ஏறியது.

2018 ஆகஸ்டில் கேரளத்தைப் புரட்டிய பெருமழையில் இடுக்கி மாவட்டம் பட்ட பாட்டை அனைவரும் அறிவர். தார்ச்சாலையிலிருந்து தோட்டத்துக்குப் பிரியும் மண்வழியில் மண் முழுதும் அரித்துப் போய் பாறைப் பற்கள் வெளியே நின்றன. முதல் வாரத்திலேயே எண்ணூறின் ஆயில் சம்பு அடிபட்டு எண்ணெய் வழிந்தது. இரண்டாம் முறை அடிபட்டபோது பெரியத்தா வண்டியை நேரே ஊர்ப் பட்டறைக்கு ஓட்டிச் சென்றார்.

அந்தப் பட்டறைக்காரர் கைத்திறன் மிக்கவர். ஜீப்புகளுக்கு உடல் கட்டுவதில் அவருக்குப் பெயர் உண்டு. அத்திறனோடு சேர்த்து, எதையும் முடியாது என்று சொல்லாத குணமும் அவருக்கு இருந்தது. அக்டோபர் மாதத்தில் பத்து நாள் வண்டி அங்கே நின்றது. அவ்வழியே போகும்போதெல்லாம் நின்று பார்த்தேன். முதலில் எஞ்சினுக்குக் கீழே 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டை வளைத்துப் போல்ட்டுகளால் பிணைத்தார். அது தேவையான வேலை. பின்பு நான்கு சுருள் ஸ்ப்ரிங்குகளின் மேலும் உலோகக் கட்டைகளை வைத்து வண்டியின் உடலை இரண்டு அங்குலம் உயர்த்தினார். 12 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வேறொரு மகிழுந்தின் 13 அங்குலச் சக்கரங்களை மாட்டினார். புகைபோக்கிக் குழாயின் வாயை மேல்நோக்கித் திருப்பினார். இறுதியாக, மூட்டை ஏற்றுவதற்கு வசதியாகப் பின்னிருக்கையைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் போடச் சொன்னார். பெரியத்தாவின் மகன், எனக்குத் தம்பி முறை, கூரையில் நான்கு விளக்கும் முன்னே இரும்புக் குழாய்க் காப்பும் வேண்டுமென்று அடம்பிடித்தான். "கல்யாண வண்டியாடா இது?" என்று பெரியத்தா அதை மட்டும் தடுத்துவிட்டார். அக்குழாய்க் காப்புகளைப் பொருத்தலாகாது என்று ஒன்றிய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருந்தது அவருக்குத் தெரியாது; அழகு பிடிக்காததால் தப்பித்தார்.

பட்டறையை விட்டு வெளிவந்த வண்டியைப் பார்க்க ஊரே கூடியது. கோழிக்குஞ்சுக்குக் கொக்கின் கால் முளைத்தது போல நின்றது. ஆயினும் பாறைப் பற்களைத் தொடாமல் அது தாண்டிச் சென்றதைப் பார்த்தவர்கள் சிரிப்பை அடக்கிக் கொண்டனர்.

இவ்விடத்தில் சற்றே கணக்குப் போட வேண்டும். தமிழ் மாணவர்கள் கணக்குக்கு அஞ்ச வேண்டா. பெருக்கலும் கூட்டலுமே போதும். பழைய சக்கரம் 145/70 ஆர் 12 என்னும் அளவுடையது. அதன் முழு விட்டம் ஏறத்தாழ 508 மில்லிமீட்டர். புதிதாக மாட்டிய 155/70 ஆர் 13 சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 547 மில்லிமீட்டர். விட்டத்தில் கிடைத்த 39 மில்லிமீட்டரில் பாதிதான் தரைக்கும் அச்சுக்கும் இடையே உயரமாகக் கிடைக்கும். அதாவது 2 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதற்கு ஈடாகக் கொடுத்த விலையைப் பாருங்கள். சக்கரம் ஏறத்தாழ எட்டு விழுக்காடு பெருத்துவிட்டதால், வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 64, 65இல் ஓடும். அதே அளவில் சக்கரத்தின் இழுவிசை குறையும். 37 குதிரைத்திறன் அளவே உடைய எஞ்சினுக்கு, ஏற்றத்தில் அந்த இழப்பு சிறிதன்று. மேடு ஏறுவதற்காகச் செய்த மாற்றம் மேடு ஏறும் ஆற்றலையே குறைத்தது என்பது விந்தையன்றோ? முன்பு இரண்டாம் கியரில் ஏறிய இடங்களில் முதல் கியரும் கிளட்ச் கருகும் நெடியும் வேண்டியிருந்தன.

ஸ்ப்ரிங்கின் மேல் வைத்த கட்டைகளின் கதை வேறு. அவை உடலை உயர்த்தின. எஞ்சினும் சம்பும் உடலோடு சேர்ந்து உயர்ந்தன. பின்புறத்து அச்சோ இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு. அது சக்கரத்தோடுதான் ஏறும். ஸ்ப்ரிங்கை எவ்வளவு உயர்த்தினும் அதற்கும் தரைக்கும் இடைவெளி ஓர் இம்மியும் கூடாது. முன்புறத்தில் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டுகள் தம் இயல்பான கோணத்தினின்று சாய்ந்து நின்றன. மூன்றாம் மாதத்தில் அவற்றின் பூட் ரப்பர் கிழிந்து, உள்ளே மணல் புகுந்து, திரும்பும்போதெல்லாம் கடகடவென ஒலி எழுந்தது. ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்தால் டயர் உள்வளைவில் உரசியது. முகப்பு விளக்குகளின் ஒளி எதிரே வருபவரின் கண்ணை நோக்கி எழுந்தது. இவையெல்லாம் பட்டறையில் எவரும் கணக்கிடாதவை. தனித்தனியே நோக்கினால் ஒவ்வொரு மாற்றமும் நியாயமாகத்தான் தோன்றும். வண்டி என்பது ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் சொற்றொடர் போன்றது. ஒரு வேற்றுமையுருபை மாற்றினால் பயனிலை வரை ஆட்டம் காணும்.

முன்சக்கரம் இழுக்கும் வண்டி செங்குத்தான வழியில் ஏறும்போது எடை பின்னோக்கிச் சாயும். இழுக்க வேண்டிய முன்சக்கரங்களின் பிடி தளரும். பின்புறம் மூட்டையும் ஏற்றினால் கேட்க வேண்டியதில்லை. பெரியத்தா இதை எந்த நூலிலும் படித்தவர் அல்லர். மழை நாளில் வழுக்கும் இடம் வந்தால் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே ஏற்றுவார். அப்போது இழுக்கும் சக்கரங்கள் தாழ்வான பக்கத்தில் அமைந்து, எடை அவற்றின் மேல் அழுந்தும், பிடி கிடைக்கும். கனமான மூட்டையை ஓட்டுநருக்கு அருகிருக்கையில் வைப்பதும் அவர் வழக்கம். செலவில்லாத இந்த இரண்டு உத்திகளும், பட்டறைச் செலவு முழுதையும் விட அதிகம் பயன்பட்டன என்பது என் கருத்து. தம்பி இதை ஒப்புக் கொள்வதில்லை.

தம்பிக்கு வேறு கனவு. அமெரிக்கக் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964இல் செய்து முடித்த மணல்மேட்டு வண்டியின் படத்தை அவன் எனக்குக் காட்டினான். வோக்ஸ்வாகன் வண்டு என்னும் மலிவான சிற்றுந்தின் பாகங்களைக் கொண்டு பிறந்தது அந்த ‘மேயர்ஸ் மாங்க்ஸ்’. பின்பு விற்பனைக்கு வந்த வடிவத்தில், வண்டின் அடிச்சட்டத்தை ஓரடிக்கும் மேல் வெட்டிக் குறுக்கி, அதன்மேல் கண்ணாடி நாருடலைப் பொருத்தினர். 1967இல் மெக்சிகோவின் பாகா பாலைவனத்தில் நடந்த முதல் நெடும்பந்தயத்தில் அவ்வகை வண்டியே வென்றது. "அவங்க செஞ்சா சாதனை, நாம செஞ்சா குத்தமாண்ணே?" என்று அவன் வினவினான். நல்ல வினாதான். ஆயினும் வண்டில் எஞ்சின் பின்புறம் இருக்கின்றது. விசையும் பின்சக்கரங்களுக்கே செல்கின்றது. ஆதலால் மேட்டில் ஏறும்போது எடை எந்தச் சக்கரத்தில் சாய்கின்றதோ அதுவே தள்ளுகின்றது. எண்ணூறின் இயல்பு அதற்கு நேர்மாறானது. மாருதி நிறுவனமே 1985இல் மலைக்கும் காட்டுக்குமென ஜிப்சியைக் கொணர்ந்தது. நான்கு சக்கரங்களுக்கும் விசை, ஏற்றத்துக்கென்று தனியாகத் தாழ்ந்த கியர்த் தொகுதி, ஏணி போன்ற உறுதியான அடிச்சட்டம் ஆகிய மூன்றும் அதற்கு இருந்தன. இம்மூன்றில் ஒன்றையும் எண்ணூறுக்குப் பட்டறையில் ஊட்ட முடியாது. உயரம் ஒன்றை மட்டுமே ஊட்ட முடியும்.

2019 ஆகஸ்டில் ஒரு மாலை. அவ்வாண்டு ஏலத்தின் விலை எவரும் காணாத உச்சத்துக்கு ஏறியிருந்தது. அம்மாதத்தில் புத்தடி ஏலத்தில் உயர்ந்த விலை கிலோவுக்கு 7000 ரூபாயைத் தொட்டது. ஒரு கைப்பிடிக் காயையும் வீணாக்க எவருக்கும் மனம் வராத காலம். பறிப்பு முடிய இருட்டிவிட்டது. மழையும் பிடித்துக் கொண்டது. தொழிலாளர் ஜீப்பு முன்னதாகவே இறங்கிவிட்டதால், கம்பத்திலிருந்து வந்த முதிய பெண்கள் இருவரைப் பெரியத்தா தம் வண்டியில் ஏற்றிக் கொண்டார். பின்னிருக்கை திண்ணையில் கிடந்தமையால் அவர்கள் மூட்டைகளின் மேல் அமர்ந்தனர். பிடித்துக் கொள்ளக் கைப்பிடி இல்லை. இடுப்பில் வார் இல்லை. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.2 மீட்டர் அளவே அகலமுள்ள வண்டி, உடலால் இரண்டு அங்குலமும் சக்கரத்தால் இரண்டு சென்டிமீட்டரும் உயர்ந்து, மேலே மூட்டையும் மனிதரும் ஏறி, இறக்கத்து வளைவுகளில் ஒவ்வொரு பக்கமாகச் சாய்ந்தது. பெருத்த சக்கரத்தை நிறுத்தப் பழைய பிரேக்கு கூடுதலாக உழைத்தது. மூன்றாவது வளைவில் வண்டி வெளிப்புறம் சாய்ந்து, உள்சக்கரம் தரையை விட்டு எழுந்து அமர்ந்ததைப் பெரியத்தா ஸ்டியரிங்கில் உணர்ந்தார்.

"ராவுத்தரய்யா, வண்டிய நிப்பாட்டுங்க. தொட்டிலாட்டம் ஆடுது. நாங்க நடந்தே எறங்கிக்கிறோம்" என்றார் ஒருவர்.

மழையில், இருட்டில், அறுபது வயதைக் கடந்த அந்தப் பெண்கள் இறங்கி நடந்தனர். பெரியத்தா முதல் கியரில், முகப்பு விளக்கை எரியவிட்டு, அவர்களுக்குப் பின்னால் வழிகாட்டியபடி ஊர்ந்தார். பின்னே ஏறி வந்த வாடகை ஜீப்பு ஒன்று அவர்களை ஏற்றிக் கொள்ளும் வரை, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அப்படி வந்ததாக அவரே எனக்குச் சொன்னார். சொல்லும்போது சிரிக்க முயன்றார், முடியவில்லை.

வண்டியின் பதிவு அவ்வாண்டு நவம்பரோடு முடிய இருந்தது. சொந்தப் பயன்பாட்டு வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு ஆய்வுக்குக் காட்டி ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். "பிரேக் இன்ஸ்பெக்டர் குனிஞ்சு பாத்தா என்னப்பா சொல்வாரு? நீ வாத்தியாரு, சட்டத்தப் படிச்சுத் தமிழ்ல சொல்லு" என்று பெரியத்தா கேட்டுக் கொண்டார். சட்டம் படித்த நண்பர் ஒருவரின் துணையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதில் செலவிட்டேன். சொற்களை நிறுத்துப் பார்க்கும் தொழில் எனக்கு அன்று போல் என்றும் பயன்பட்டதில்லை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு. அப்பிரிவின் முதல் வடிவம் இரக்கம் உடையதாக இருந்தது. உரிமையாளர் பதிவு அலுவலருக்கு அறிவித்து ஒப்புதல் பெற்று வண்டியை மாற்றலாம். துணைப் பொருள்களைச் சேர்ப்பதாலோ நீக்குவதாலோ வண்டியின் வெற்றெடை இரண்டு விழுக்காட்டுக்குள் மாறுமாயின் அவ்வொப்புதலும் வேண்டா என்றிருந்தது. 650 கிலோவுக்கு இரண்டு விழுக்காடு 13 கிலோ. பெரியத்தாவின் இரும்புத் தகட்டை நான் அளந்து பார்த்தேன்: 60 சென்டிமீட்டருக்கு 80 சென்டிமீட்டர், கனம் 3 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 11 கிலோ. பழைய சட்டத்தில் அத்தகடு எவரையும் கேளாமல் உள்ளே நுழைந்திருக்கும்! ஆனால் 2000ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வாயிலை அடைத்துவிட்டது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை எவரும் மாற்றலாகாது என்பதே இப்போதைய விதி. எரிபொருள் வகையை மாற்றும் ஒப்புதல் பெற்ற கருவிகளுக்கும், உடற்குறை உடையோருக்கு ஏற்ப அமைக்கும் வண்டிகளுக்கும் சட்டம் வழிவிட்டிருக்கின்றது, அது நன்று.

‘மாற்றம்’ என்றால் என்ன என்று அப்பிரிவே விளக்குகின்றது: வண்டியின் அடிப்படைக் கூறு மாறும்படியாகக் கட்டமைப்பில் செய்யும் மாறுதல். இங்குதான் நான் நின்றேன். அடிப்படைக் கூறு எது? நன்னூல் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்கும். தகடு தோன்றல், ஸ்ப்ரிங்கும் சக்கரமும் புகைக்குழாயும் திரிதல், பின்னிருக்கை கெடுதல். பெரியத்தாவின் பதிவுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக் கொண்டேன். எஞ்சின் எண், அடிச்சட்ட எண், உருளைகளின் எண்ணிக்கை, கொள்ளளவு, முன்பின் அச்சுகளின் இடைவெளி 2175 மில்லிமீட்டர், வெற்றெடை, நிறம், இருக்கைகளின் எண்ணிக்கை ஆகியன அதில் இருந்தன. தரையிலிருந்து உயரம் என்று ஒரு வரியும் இல்லை. ஆக, வண்டியை ஆபத்தாக்கிய உயரத்தைப் பற்றி அப்புத்தகம் வாய் திறக்கவில்லை. எவரும் குற்றமாக நினையாத பின்னிருக்கை நீக்கம்தான் அதன் எழுத்தோடு நேராக முட்டியது. அந்தப் பெண்களுக்கு அமர இடமில்லாமற் போனதும் அந்த இருக்கையால்தான் என்பதை எண்ணிச் சட்டத்தை எழுதியவரை மனத்துள் பாராட்டினேன்.

ஆனால் எழுத்தில் இல்லாததெல்லாம் இசைவு என்று கொள்ள முடியாது. கேரள மாநிலத்து வழக்கொன்றில், கட்டமைப்பு மாற்றத்துக்கு இடமுண்டு என்று அவ்வுயர் நீதிமன்றம் கருதியதை உச்ச நீதிமன்றம் 2019 சனவரி 9 அன்று ஏற்க மறுத்தது. உற்பத்தியாளர் குறித்த அமைப்பினின்று வண்டி விலகலாகாது என்பதை வலியுறுத்தியது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், விதிக்கு மாறாகப் பாகங்களைப் பொருத்தும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய்த் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளித்தது. ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதை நான் படித்தபோது பெரியத்தா விரல் மடக்கி எண்ணினார்.

"தோட்டத்துக்குள்ள மட்டும் ஓட்டிக்கிட்டா?" என்றான் தம்பி. அதற்கும் சட்டம் விடை வைத்திருந்தது. பதிவில்லாத வண்டியைப் ‘பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ’ ஓட்டலாகாது என்பது 39ஆம் பிரிவு. அடைப்புள்ள வளாகத்துக்குள் மட்டும் பயன்படும் தனிவகை ஊர்திகளுக்கு விலக்கு உண்டு என்பது உண்மையே. மருமகன் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் தார்ச்சாலையில் போய்வரும் எண்ணூறை எவ்வாறு அவ்வகையில் சேர்ப்பது? காப்புறுதிச் சிக்கலும் இருந்தது. நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீடு கேட்கும் நாளில் முதல் வினாவே அம்மாற்றத்தைப் பற்றித்தான் எழும். அன்று அந்த வளைவில் வண்டி கவிழ்ந்திருந்தால் என்னும் நினைவு எங்கள் மூவருக்கும் ஒரே வேளையில் வந்தது. எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சட்டத்தின்மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்ப்ரிங்கை உயர்த்தி உயிரோடு விளையாடுவதும், பாறையினின்று சம்பைக் காக்கத் தகடு பொருத்துவதும் ஒன்றல்ல. ஜெர்மனி நாட்டில் மாற்றுப் பாகத்தை உரிய வல்லுநரிடம் காட்டிச் சான்று பெற்று, வண்டியின் ஆவணத்தில் பதித்துக் கொள்ளும் முறை நெடுங்காலமாக உள்ளது. நம் நாட்டிலும் எரிவாயுக் கருவிக்கு அத்தகைய முறை இருக்கும்போது, மலைநாட்டு உழவனின் சிறு தேவைகளுக்கும் ஒப்புதல் பெற்ற பொருள்களின் பட்டியல் ஒன்று இருந்தால் என்ன குறைந்துவிடும்? பட்டியல் இல்லாத இடத்தில் பட்டறைக்காரரின் துணிவும் ஆய்வாளரின் மனநிலையுமே சட்டமாகிவிடுகின்றன. சாலையில் கண்ணைப் பறிக்கும் விளக்குகளோடும் காதைக் கிழிக்கும் குழாய்களோடும் திரியும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் வண்டிகளுக்கும், மூன்று மூட்டைக் காய்க்காகத் தகடு கட்டிய வண்டிக்கும் ஒரே பிரிவு, ஒரே தண்டம்.

பெரியத்தா இவ்வாதத்தைக் கேட்டுக் கொண்டார். ஆனால் அவர் மனம் அந்த மழை மாலையிலேயே முடிவு செய்துவிட்டிருந்தது. அக்டோபரில் வண்டி மீண்டும் பட்டறைக்குப் போனது. கட்டைகள் வெளியே வந்தன. 12 அங்குலச் சக்கரங்கள் திரும்பின. திண்ணையில் பூனை குட்டி போட்டிருந்த பின்னிருக்கை, குட்டிகளுக்கு வேறிடம் கிடைத்த பிறகு, தன்னிடம் சேர்ந்தது. தகட்டையும் கழற்றிவிடச் சொன்னார். அது இருந்தால் ஆய்வாளர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று பட்டறைக்காரர் எவ்வளவோ கூறியும் கேட்கவில்லை. நவம்பரில் பதிவு புதுப்பிக்கப்பட்டது.

வழியின் பாறைப் பற்கள் மட்டும் அப்படியே இருந்தன. பெரியத்தா அக்கம்பக்கத்துச் சிறு தோட்டக்காரர் நால்வரை அழைத்துப் பேசினார். ஐவரும் பணம் போட்டு, செங்குத்தான 90 மீட்டர்த் தொலைவுக்கு மட்டும், சக்கரங்கள் உருளும் இரண்டு தடங்களில் கருங்கல் பாவிச் சிமிட்டி பூசினர். நடுவே புல் வளர விட்டுவிட்டனர். நீர் ஓட ஓரத்தில் வடிகால் வெட்டினர். இருவாரம் பிடித்தது. ஒவ்வொருவர் பங்காக வந்த தொகை, பட்டறையில் பெரியத்தா செலவிட்டதை விடச் சற்றே அதிகம். பறிப்பு நாள்களில் ஐவருமாய் ஒரு ஜீப்பைப் பேசிக் கொள்கின்றனர். ஐந்து தோட்டத்து மூட்டை என்றால் ஜீப்புக்காரரும் மறுப்பதில்லை. வழி நன்றானதால் அவர் வாடகையிலும் சிறிது குறைத்துக் கொண்டார். தொழிலாளர் கடைசிப் பெண் வரை இறங்கிய பிறகே ஜீப்பு புறப்பட வேண்டும் என்பது பெரியத்தா போட்ட நிபந்தனை.

எண்ணூறு 2024இல் இரண்டாம் முறையும் ஆய்வில் தேறியது. தம்பி அதைப் புதுவண்ணம் பூசி வைத்திருக்கின்றான். பதிவுப் புத்தகத்தில் உள்ள அதே வெள்ளை வண்ணம். அந்த இரும்புத் தகட்டைக் கேட்கிறீர்களா? உலர்களத்து அடுப்பின் கதவு துருப்பிடித்து விழுந்தபோது பட்டறைக்காரர் அதற்குக் கீல் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். பாறை உரசிய கோடுகள் வெளிப்புறம் தெரியுமாறு, இன்றும் அது அந்த அடுப்பு வாயில் தொங்குகின்றது.